காட்டுப் பறவைகளின் காவலர் சலீம் அலி

டோல்கேட்டில் பேருந்துக்குக் காத்து நிற்கும் நமக்குப் பறவை என்றால் காகமும் மைனாவுமே நினைவுக்கு வரும். லாரிகளின் இரைச்சலில் வேறு குரல் நம் காதில் விழுவதும் அரிது. ஆனால், "இது என்ன பறவை?" என்று கேட்டதாலேயே ஒரு சிறுவனின் வாழ்வு திசை மாறியது. அச்சிறுவனே பின்னாளில் பறவையியல் அறிஞராகப் புகழ்பெற்ற சலீம் அலி.

அவர் 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து, அதனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு எடுத்துச் சென்றார். கழகச் செயலாளர் மில்லார்டு அதன் பெயரைக் கூறியதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். விளையாட்டு அன்றே கல்வியாயிற்று.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் அவருக்கு அரசுப் பறவையியலாளர் பணி கிடைக்கவில்லை. எனினும் அவர் சோர்ந்தாரில்லை. 1929-இல் பெர்லின் சென்று பறவையியல் பயின்றார். 1933-இல் மனைவி தெஹ்மினாவுடன் திருவாங்கூர், கொச்சிக் காடுகளில் அலைந்து பறவைகளை ஆராய்ந்தார். 1941-இல் 'இந்தியப் பறவைகள்' பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

காட்டுப் பறவையைக் காப்பது எவ்வாறு? இருவாச்சியை எடுத்துக்கொள்வோம். பெண் பறவை முதிர்ந்த மரத்தின் பொந்தினுள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும்; ஆண் பறவை சிறு பிளவின் வழியே பழம் ஊட்டும். அம்மரம் வீழ்ந்தால் கூடு இல்லை. இருவாச்சி உண்ட பழங்களின் விதைகள் தொலைவில் விழுந்து முளைக்கின்றன. அது அழிந்தால் மரங்களும் குறையும். ஆகவே, பறவையைக் காப்பது என்பது காட்டையே காப்பதாகும்.

இதனாலேயே கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்டும் திட்டத்தை அவர் எதிர்த்தார். மின்சாரம் தேவை என்ற வாதம் பொய்யன்று. அனல் மின் நிலையங்களின் அருகே வாழும் நாம் அதை அறிவோம். ஆனால் மின் நிலையத்தை வேறிடத்தில் அமைக்கலாம். தொன்மையான காட்டை எவராலும் அமைக்க இயலாது. பலரும் எழுப்பிய எதிர்ப்பால் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று.

சலீம் அலி 1987-இல், தமது 90-ஆம் வயதில் மறைந்தார். கோவையை அடுத்த ஆனைக்கட்டியில் அவர் பெயரால் ஆய்வு மையம் இயங்குகிறது.

எண்ணூர்க் கழிமுகத்திற்கும் பழவேற்காட்டிற்கும் பறவைகள் வலசை வருகின்றன. மாணவ நண்பர்களே, அவற்றின் பெயரையேனும் கேட்டறிவோம். பெயர் தெரியாத ஒன்று அழிந்தால், அழிந்ததையும் நாம் அறிய மாட்டோம்.