உலகக் காப்புரிமை என்று ஒன்று உண்டா?

கல்வராயன் மலையின் கடுக்காய்க்கு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ‘உலகக் காப்புரிமை’ வாங்கிவிடும் என்ற அச்சம் ஒருபுறம். நம் சட்டம் மரபறிவைக் கண்டுபிடிப்பாகவே ஏற்காது, ஆகவே கவலையில்லை என்ற தெம்பு மறுபுறம். இரண்டும் ஒரே பிழையில் முளைத்தவை. காப்புரிமை, அதைத் தந்த நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். அதை மறுக்கும் சட்டமும் அப்படியே. காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் 1998 டிசம்பரில் இந்தியாவும் சேர்ந்ததே, ஒரே விண்ணப்பம் 150-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறதே என்று கேட்கலாம். போவது விண்ணப்பம் மட்டும்தான். தருவதும் மறுப்பதும் அந்தந்த நாட்டு அலுவலகத்தின் முடிவு. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்கா காப்புரிமை தந்தது. நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் அடுக்கிக் காட்டிய பிறகே 1997-இல் அது ரத்தானது. அச்சில் இருந்ததால் பிழைத்தோம். 2013 வரை அமெரிக்கச் சட்டம், வெளிநாட்டில் வாய்வழியாக வழங்கிய அறிவையும் பழக்கத்தையும் முன்பே அறியப்பட்டதாகக் கணக்கில் எடுக்கவில்லை. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட ஒரு வைத்தியம் ஏட்டில் ஏறாதிருந்தால், அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அது இல்லாத ஒன்று.

அதற்காக நாடுகள் சேர்ந்து ஒரே காப்புரிமை முறை அமைப்பது நமக்குக் கேடு என்று சொல்வதற்கில்லை. வேம்பு வழக்கு நேர்மாறாகப் பேசுகிறது. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-இல் தந்த உரிமை, 2000-இல் ரத்தானது. 2005-இல் மேல்முறையீடும் தோற்றது. உரிமை தந்த ஒன்பது மாதத்துக்குள் மியூனிக்கில் உள்ள அந்த அலுவலகத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்ததால், ஒரே இடத்து வழக்கு அந்த உரிமை செல்லுபடியான எல்லா நாடுகளிலும் பலித்தது. அந்தக் கெடுவைத் தவறவிட்டிருந்தால் நாடு நாடாக நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். எந்த மலைக் கிராமத்தால் முடியும்?

பொது நீதிமன்றம் அமைப்பதுதான் கடினம். ஐரோப்பா 1973-இல் காப்புரிமை உடன்படிக்கை செய்தது. ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றம் 2023 ஜூன் 1-இல்தான் இயங்கத் தொடங்கியது. ஒருங்கிணைந்த காப்புரிமைக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகள் மட்டுமா என்று ஸ்பெயினும் இத்தாலியும் வழக்காடின. ஸ்பெயின் இன்றும் வெளியே நிற்கிறது. நீதிமன்ற ஒப்பந்தத்தின் முதல் வரைவு ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தோடு பொருந்தாது என்று 2011-இல் ஒன்றிய நீதிமன்றமே சொன்னது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவில்லாமல் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது செல்லாது என்று 2020-இல் ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் தடுத்தது. தன் குடிமகனின் உரிமையை வெளி நீதிபதி கையில் தருவதா என்பதுதான் இத்தனைக்கும் அடியில் கிடந்த கேள்வி. அண்டை நாடுகளுக்கே இவ்வளவு தயக்கம் என்றால், உலகம் முழுதுக்கும் ஒரே நீதிமன்றம் விரைவில் வரும் என்று நான் எண்ணவில்லை.

ஆகவே நீதிமன்றத்துக்கு முன் சான்று விதிகளை ஒன்றாக்கக் கேட்பதே நமக்கு நல்லது. 2024 மே மாதம் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட ஒப்பந்தம், மரபணு வளமும் அதோடு சேர்ந்த மரபறிவும் எங்கிருந்து வந்தன என்று விண்ணப்பதாரர் சொல்லவேண்டும் என்கிறது. ஆனால் மோசடி நோக்கம் இல்லாவிட்டால், சொல்லாத குற்றத்துக்காக மட்டும் உரிமையை ரத்து செய்ய அது இடம் தரவில்லை. இது பெரிய குறை. அச்சில் ஏற்றிவிட்டால் போதுமே என்பார்கள். சித்த மருத்துவ நூல்கள் நம் மரபறிவு மின்நூலகத்தில் ஏறியிருக்கின்றன. மலையில் வாய்மொழியாக மட்டும் இருப்பதை அப்படியே வெளியிட்டால் பிறர் காப்புரிமை கோருவது தடைபடும். கூடவே, எவரும் விலை தராமல் எடுத்துக்கொள்ளவும் வழி திறக்கும். எதை வெளியிடுவது, எதை மறைப்பது என்பதை அதிகாரிகள் அல்ல, அந்த மலையின் கிராம சபைகள் தீர்மானிக்கவேண்டும்.