மூட்டைக்கு முதுகைக் கொடுக்கும் முன்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. அரிசி மண்டியில் லோடுமேனாகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். உழைத்துச் சாப்பிடுகிறாய், சந்தோஷம். ஆனால் "தனியாளாகவே ஒரு வண்டியை இறக்கிவிட்டான்" என்று அவள் பெருமையாகச் சொன்னதும் எனக்குப் பகீரென்றது.

மூட்டை 50 கிலோ. பத்து டன் வந்தால் 200 மூட்டை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே ஆண்களுக்கு 55 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்றது. அமெரிக்காவில் 1991-ல் போட்ட கணக்கு இன்னும் கறார்: வாகான பிடி, உடம்போடு ஒட்டிய சுமை, எல்லாம் சரியாக அமைந்தாலே 23 கிலோதான். உன் மூட்டை அதற்கு இருமடங்குக்கும் மேல். ஆகவே சூட்சுமம் தெரிந்தவனுக்கு ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னாலும் நம்பாதே. கூட ஒரு ஆளையும் தள்ளுவண்டியையும் கூச்சப்படாமல் கேள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில் அவசரம் தானாக வந்துவிடும். அந்த அவசரம்தான் ஆளைச் சாய்க்கிறது.

லாரி மேலே நிற்பவன் பிடரியில் மூட்டையை வைத்ததும், பாதம் நின்ற இடத்திலேயே நிற்க, சுமப்பவர்கள் இடுப்பை மட்டும் முறுக்கி, மூட்டை அடுக்கும் அட்டிப் பக்கம் திரும்புவார்கள். அதுதான் தப்பு. முதுகெலும்பு ஜவ்வு விலகுவது பெரும்பாலும் இடுப்புப் பகுதியின் கடைசி இரண்டு ஜவ்வுகளில்தான். குனிவதும் முறுக்குவதும் சேர்ந்தால் அங்கேதான் சுமை இறங்கும். முதலில் பாதத்தைத் திருப்பு, உடம்பு பின்னால் வரும். தரையில் கிடக்கும் மூட்டையை இருவராக அதன் மூலைக் காதுகளைப் பிடித்துத் தூக்குங்கள். தோளுக்கு மேல் அட்டி ஏறினால் மேலே ஒரு ஆள் நின்று வாங்கட்டும். தூங்கி எழுந்ததும் ஜவ்வு நீர் கோத்து விறைப்பாக இருக்கும். விடிகாலை லோடு என்றால் கொஞ்சம் நடந்துவிட்டுக் குனி. பெல்ட்டை நம்பி எடையைக் கூட்டாதே, அது காயத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

இடுப்பு பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்காதே. முடிந்த அளவு நடமாடு, சுமையை மட்டும் தொடாதே. கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ எண்ணெய், தடவல் என்று பொழுதைக் கழிக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு.

வேலையில் அடிபட்டால் அன்றே மேஸ்திரியிடம் சொல்லி, தேதி போட்டு எழுதி வாங்கு. இழப்பீடு கேட்க அதுதான் கைகொடுக்கும். உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துவிட்டாயா? இல்லையென்றால் இந்த வாரமே ஆதாரை எடுத்துக்கொண்டு போய் விசாரி. பதில் போடு.

அன்புடன்,
மாமா