கைமாறி வரும் ஆபீஸ் லேப்டாப்

புது லேப்டாப்பின் பளபளப்பில் மயங்கும் முன், அலுவலகங்கள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டும் லேப்டாப்களையும் பார்க்கலாம். சென்னை ரிச்சி தெருவில் இவை தாராளமாகக் கிடைக்கும்.

2018-இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி480 நல்ல உதாரணம். அடிமூடியைத் திறந்தால் ரேம் செருக இரண்டு இடங்கள். 8 ஜிபியை 16 ஆக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். பின்பக்க பேட்டரியைக் கழற்ற அதுகூட வேண்டாம். ஆனால், பெயரில் ஒரே ஒரு 'எஸ்' கூடிய டி480எஸ்ஸில் ரேமின் ஒரு பகுதி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். செருக ஓர் இடம்தான். மெலிந்த உடம்புக்குக் கொடுத்த விலை! இன்னும் மெலிசான மாடல்கள் பலவற்றில் அந்த ஓர் இடமும் இருக்காது.

இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம். சில விதிவிலக்குகள் தவிர, அதற்கு முந்தையவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபரில் நின்றுவிட்டது.

காசை நீட்டும் முன் கடையிலேயே பயாஸுக்குள் போய்ப் பார்ப்பது நல்லது. பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு அங்கே குறுக்கே நின்றால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த லேப்டாப் வேண்டாம்.