லண்டன் கிளிகளும் ஹெண்ட்ரிக்ஸ் கதையும்

லண்டன் பூங்காக்களில் கூட்டங்கூட்டமாகத் திரியும் பச்சைக்கிளிகள், 1960களில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கார்னபி தெருவில் பறக்கவிட்ட ஒரு சோடியின் வழிவந்தவை என்று ஒரு சாராரும், 1951இல் வெளிவந்த ‘தி ஆப்பிரிக்கன் குயின்’ திரைப்படத்தின் படப்பிடிப்பிலிருந்து தப்பியவை என்று வேறொரு சாராரும் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். சுவையான கதைகள்தாம், சான்றுதான் இல்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் இக்கிளி கூண்டுக்கு வெளியே காணப்பட்டதாக 1855ஆம் ஆண்டிலேயே பதிவு உள்ளது; ஹெண்ட்ரிக்ஸ் பிறந்ததோ 1942இல். குற்றங்கள் நிகழ்ந்த இடங்களைக் கொண்டு குற்றவாளியின் இருப்பிடத்தைக் கணிக்கும் துப்பறிவு முறையைக் கிளிகள் காணப்பட்ட இடங்களுக்குப் பொருத்திப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வும் இக்கதைகளுக்கு ஆதரவளிக்கவில்லை. மாறாக, பறவைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் என்னும் கிளிக்காய்ச்சல் குறித்து 1929இலும் 1952இலும் நாளிதழ்கள் கிளப்பிய அச்சத்தால், வளர்த்தவர்களே பலவிடங்களில் கூண்டைத் திறந்துவிட்டிருக்கலாம் என அது கருதுகிறது. வேண்டுமென்றே பறக்கவிட்ட நிகழ்வு ஒன்றும் நடக்கவில்லை என்பதன்று. பிரசல்ஸ் நகருக்கு வண்ணம் சேர்க்கும் நோக்குடன் 1974இல் அங்கிருந்த கேளிக்கைப் பூங்கா ஒன்று ஏறத்தாழ 40 கிளிகளை விடுவித்தது, அவை ஆயிரக்கணக்கில் பெருகின. ஆனால் அந்நிகழ்வில் புகழ்பெற்ற பாடகர் எவரும் இல்லாததாலோ என்னவோ, அது கதையாகப் பரவவில்லை.

வெப்பநாட்டுப் பறவை குளிர்நாட்டில் பிழைப்பதற்குப் புவி வெப்பமாதலே காரணம் என்பது மற்றொரு நம்பிக்கை. தமிழ்நாட்டு வயல்களில் கதிர் கொய்யும் அதே இனம்தான் இது. எனினும் ஐரோப்பாவில் வாழ்பவை பெரும்பாலும் பாகிஸ்தானையும் வட இந்தியாவையும் சேர்ந்தவற்றின் மரபினை உடையவை என்று மரபணு ஆய்வு காட்டுகிறது. இமயமலை அடிவாரத்துக் குளிரைத் தாங்கிய வழியில் வந்தவற்றுக்கு, தோட்டங்களில் மக்கள் குளிர்காலம் முழுதும் தொங்கவிடும் தானியக் கூடுகளும் துணை நிற்கின்றன. மிதமான குளிர்காலம் அவற்றின் பெருக்கத்துக்கு உதவுவது உண்மையே, ஆனால் அதுவே முழுக் காரணமாகாது.

மண்ணின் பறவைகளையெல்லாம் இக்கிளிகள் அழித்துவிடும் என்பதையும், அவற்றால் யாதொரு தீங்கும் இல்லை என்பதையும் ஒருசேர ஏற்க இயலாது. இரண்டுமே மிகைக் கூற்றுகள். கிளி தானாகப் பொந்து குடைவது அரிதாகையால், மரங்கொத்தி குடைந்த பொந்துகளையும் பழைய மரங்களின் இயற்கைப் பொந்துகளையும் பிற உயிர்கள் முட்டையிடத் தொடங்குமுன் கைப்பற்றிக்கொள்கிறது. இதனால் பெல்ஜியத்தில் நட்ஹாட்ச் என்னும் சிறு பறவை இடமிழப்பதாக ஆய்வாளர் கண்டனர்; பிரிட்டன் முழுவதும் திரட்டிய கணக்கெடுப்புத் தரவுகளிலோ அத்தகைய வீழ்ச்சி புலப்படவில்லை. ஸ்பெயினின் செவில் நகரப் பூங்காவில் நிலைமை வேறு. அங்குள்ள மரப்பொந்துகளில் வாழும் பெருநாக்டூல் என்னும் அரிய வௌவாலைக் கிளிகள் கொத்திக் கொல்வதும் பதிவாகியுள்ளது. 14 ஆண்டுகளில் அவ்வௌவால் தங்கும் மரங்களின் எண்ணிக்கை 81 விழுக்காடு குறைந்ததாக 2018இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது.