சி++ தரநிலை வாங்கப் போகிறீர்களா? கார்டை எடுக்கும் முன் ஒரு கணக்கு

சி மொழியின் அதிகாரபூர்வத் தரநிலை ஒரு பிடிஎஃப் கோப்பு. ஜெனீவாவிலுள்ள ஐஎஸ்ஓவின் இணையக் கடையில் அதற்கு 200 சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் கேட்கிறார்கள். நம் கணக்கில் 300 வெள்ளியைத் தாண்டிவிடும். சி++ தரநிலைக்கும் ஏறக்குறைய அதே விலைதான். தேக்கா பக்கம் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கி, சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலைக்குப் போய்வரும் ஒரு புது ஊழியருக்கு அது ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு. கொடுத்தே ஆகவேண்டிய நிலை சிலருக்கு உண்டு. மற்றவர்கள் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காமல் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கீழே உள்ளபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஆவணத்தைக் கேட்பது யார்?

உங்கள் சந்தேகத்தைத் தீர்க்க நீங்களே தேடுகிறீர்கள் என்றால் வாங்க வேண்டாம். பாலிடெக்னிக் பாடத்துக்கோ, நேர்முகத் தேர்வுக்கோ என்றாலும் வேண்டாம். வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் ‘இன்ன ஆண்டின் ஐஎஸ்ஓ தரநிலைப்படி’ என்று எழுதியிருந்து, தணிக்கைக்கு வருபவர் ‘உங்களிடம் அந்த ஆவணம் இருக்கிறதா, காட்டுங்கள்’ என்று கேட்கக்கூடும் என்றால் மட்டும் வாங்குங்கள். மருத்துவக் கருவி, ரயில், வாகன மின்னணு போன்ற துறைகளில் இது நடக்கும். அப்போதும் நிறுவனம் வாங்கட்டும், உங்கள் சொந்தக் கார்டில் வேண்டாம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, உங்கள் மொழிக்கு விலை உண்டா என்று பாருங்கள். பைத்தான், ஜாவா, கோ, ரஸ்ட் எழுதுபவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடலாம். அவற்றின் விவரக்குறிப்புகள் எல்லாமே இலவசம். ஜாவாஸ்கிரிப்டுக்கு எக்மா 262, சி ஷார்ப்புக்கு எக்மா 334, இரண்டும் இலவசம். எக்மாவின் அலுவலகம் இருப்பதும் அதே ஜெனீவாவில்தான். ஒரே ஊரில் ஓர் அமைப்பு சும்மா கொடுக்கிறது, இன்னொன்று விலை வைக்கிறது! சி ஷார்ப்புக்கு ஐஎஸ்ஓ எண்ணும் ஒன்று உண்டு, அதைப் பார்த்துவிட்டு அந்தக் கடைக்குப் போய்விடாதீர்கள். ஏடா மொழியின் கையேடு முழுசாக இலவசம். ஃபோர்ட்ரானுக்கு 2023 பதிப்பின் வரைவு கிடைக்கிறது. அதன் எண் 23-007ஆர்1.

ஆக, காசு கேட்கும் பட்டியலில் முக்கியமாக மிஞ்சுபவை சி, சி++, கோபால், எஸ்கியூஎல்.

இனிப் பதிப்பைத் தீர்மானியுங்கள். இங்கேதான் காசு வீணாகிறது. கடையில் முன்னால் நிற்பது சமீபத்திய பதிப்பு: சி23, சி++23 இரண்டும் 2024 அக்டோபரில் வெளியானவை. உங்கள் குழு உபயோகிக்கும் கம்பைலர் அதற்கு இரண்டு பதிப்பு பின்னால் இருக்கலாம். ஜிசிசி 8 முதல் 14 வரை, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் சி17ஐத்தான் எடுத்துக்கொள்ளும். 2025இல் வந்த ஜிசிசி 15தான் சி23க்கு மாறியது. கம்பைலரையே கேட்டுவிடுவது நல்லது. சி மொழியில் பதிப்பைச் சொல்லும் மேக்ரோ 201112 என்று காட்டினால் சி11, 201710 என்றால் சி17, 202311 என்றால் சி23. சி++இல் 201703, 202002, 202302 என்ற எண்கள் முறையே 17, 20, 23 பதிப்புகளைக் குறிக்கும்.

பதிப்பு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். ரீஆலக் ஃபங்ஷனுக்கு அளவு 0 என்று கொடுத்தால் என்ன நடக்கும்? சி11இன் வரைவைத் திறந்து பாருங்கள்: முடிவு அந்தந்த கம்பைலர், லைப்ரரியைப் பொறுத்தது என்று இருக்கும். சி23இன் வரைவில் அதே இடத்தைப் பாருங்கள்: வரையறுக்கப்படாத செயல், அதாவது என்ன நடந்தாலும் கேட்க நாதியில்லை. பழைய நிரலை வைத்துக்கொண்டு புதுத் தரநிலையை விலை கொடுத்து வாங்கிப் படித்தால், இல்லாத பிழையைத் தேடி ஒரு வாரம் போகும்.

வரைவுகளை எங்கே, எந்த எண்ணில் தேடுவது?

சி மொழிக்குழுவின் பெயர் டபிள்யூஜி14, சி++ குழு டபிள்யூஜி21. இரண்டும் தங்கள் ஆவணங்களுக்கு ‘என்’ என்ற எழுத்தில் தொடங்கும் எண் கொடுத்து இணையத்தில் பொதுவில் வைக்கின்றன. தேடுபொறியில் இந்த எண்ணைப் போட்டாலே போதும். சி99க்கு என்1256, அதற்குப் பின்வந்த மூன்று திருத்தங்களும் உள்ளே சேர்ந்தவை. சி11க்கு என்1570. சி17 என்பது சி11இன் பிழைகளைத் திருத்திய பதிப்புதான், புது அம்சம் எதுவும் கிடையாது. பெரும்பாலான வேலைக்கு என்1570 போதும். சி23க்கு என்3220. இது முறைப்படி அடுத்த பதிப்பின் முதல் வரைவு என்றாலும், உள்ளடக்கம் கிட்டத்தட்ட சி23தான். சி++ பக்கம்: 11க்கு என்3337, 14க்கு என்4140, 17க்கு என்4659, 20க்கு என்4861, 23க்கு என்4950.

வரைவுக்கும் அச்சான தரநிலைக்கும் வித்தியாசமே இல்லையா என்றால், உண்டு. அட்டை, முன்னுரை, அச்சுப்பிழை, சில இடங்களில் பத்தி எண். அதனால் அலுவலகக் குறிப்பில் மேற்கோள் காட்டும்போது சி++ என்றால் பத்தி எண்ணை எழுதாதீர்கள். ஒவ்வொரு பிரிவின் தலைப்புக்கு அருகே சதுர அடைப்புக்குள் ஒரு குறும்பெயர் இருக்கும், அதை எழுதுங்கள். எண் பதிப்புக்குப் பதிப்பு நகரும். குறும்பெயர் அவ்வளவு சுலபத்தில் மாறாது. சி மொழியில் இந்த வசதி இல்லை; அங்கே எந்த வரைவு, எந்தப் பிரிவு என்று இரண்டையும் சேர்த்து எழுத வேண்டியதுதான்.

அச்செடுக்கும் ஆசை வந்தால் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். சி23 வரைவு 750 பக்கத்துக்கு மேல், சி++23 வரைவு 2,100க்கு மேல். பக்கத்துக்கு 5 காசு என்று வைத்தால்கூட சி++க்கு 100 வெள்ளி ஆகிவிடும். தூக்கிக்கொண்டு எம்ஆர்டியில் வருவது வேறு கதை.

பழைய புத்தகம் தேடும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் போன்ற இடங்களில் பழைய நிரல் புத்தகங்கள் கண்ணில் படலாம். 1990இல் ஹெர்பர்ட் ஷில்ட் சி தரநிலையின் முழு உரையையும் தன் விளக்கத்தோடு புத்தகமாக வெளியிட்டார். தரநிலையைத் தனியாக வாங்குவதை விட அந்தப் புத்தகம் மலிவு. ஷில்டின் விளக்கங்களுக்கு என்ன மதிப்பு என்பதை அந்த விலை வித்தியாசமே சொல்லிவிடுகிறது என்று சி வட்டாரத்தில் நக்கலடித்தார்கள். போதாக்குறைக்கு எஃப்பிரின்ட்எஃப் விவரிக்கும் பகுதியில் ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது. 2003இல் வைலி நிறுவனம் சி, சி++ இரண்டையும் கெட்டி அட்டைப் புத்தகங்களாகப் போட்டது. கிடைத்தால் அலமாரிக்கு அழகு. வேலைக்கு இவை எதுவும் உதவாது, பதிப்பு அவ்வளவு பழையது.

சரி, ஒப்பந்தம் கேட்கிறது, வாங்கியே ஆகவேண்டும். இப்போது விலை ஒப்பிடுங்கள்.

ஐஎஸ்ஓவிடம் நேரடியாக வாங்கினால் ஃபிராங்கில் கட்ட வேண்டும். வெளிநாட்டு நாணயத்துக்கு வங்கி பிடிக்கும் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இங்கே தேசியத் தரநிலை அமைப்பு எண்டர்பிரைஸ் சிங்கப்பூர்; 2018 ஏப்ரலில் ஸ்பிரிங் சிங்கப்பூரும் ஐஈ சிங்கப்பூரும் இணைந்து உருவானது. சிங்கப்பூர்த் தரநிலைகளுக்கான இணையக் கடையில் ஐஎஸ்ஓ வெளியீடுகளும் விற்பனைக்கு உண்டு. அங்கே காட்டும் விலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வரிப் பதிவுள்ள நிறுவனம் என்றால் அந்த வரியைத் திரும்பக் கோரலாம், அதனால் நிறுவனத்தின் பெயரில் ரசீது வேண்டும். மூன்றாவது வழி அமெரிக்காவின் ஆன்சி. ஒரு காலத்தில் சி++98 பிடிஎஃப்பை 18 அமெரிக்க டாலருக்கு விற்ற கடை அது. ஒரே உரையை ஒவ்வொரு நாட்டு அமைப்பும் வேறு விலைக்கு விற்கலாம் என்பதால் மூன்றையும் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். பல்கலைக்கழகத்தில் படிப்பவர் என்றால் அதற்கு முன் நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்; தரநிலைத் தொகுப்புகளுக்குச் சந்தா கட்டும் நூலகங்கள் உண்டு.

கட்டும் முன் உரிமத்தைப் படியுங்கள். சாதாரண விலை ஒரே ஒருவருக்கு. தரவிறக்கும் கோப்பின் பக்கங்களில் வாங்கியவர் பெயர் அச்சாகியிருக்கும். அதை அலுவலகப் பொது ஃபோல்டரில் போட்டால் உரிம மீறல். நீங்கள் வேலை மாறிப் போன பிறகும் உங்கள் பெயர் அங்கேயே இருக்கும். சொந்தக் கார்டில் வாங்க வேண்டாம் என்றது இதனால்தான். நாலைந்து பேர் பார்க்க வேண்டும் என்றால் பலர் உரிமத்துக்கு எழுதிக் கேளுங்கள். யாரோ வாங்கிய திருட்டுப் பிரதியைத் தணிக்கையில் காட்டினால் ஆவணம் இல்லாததை விட மோசம், அடியில் வேறு நிறுவனத்தின் பெயர் பல்லிளிக்கும்.

பட்ஜெட் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதி, ஒன்றை வாங்கினால் அது இன்னொன்றைக் கைகாட்டும். சி தரநிலை தன் தொடக்கத்திலேயே தேதிக்கு ஐஎஸ்ஓ 8601, நாணயக் குறிகளுக்கு 4217, மிதவைப் புள்ளிக் கணக்குக்கு 60559, எழுத்துகளுக்கு 10646 என்று சுட்டுகிறது. ஒவ்வொன்றும் தனி ஆவணம். எல்லாவற்றையும் கூடையில் போடாதீர்கள். 10646ஐ ஐஎஸ்ஓவே இலவசமாகத் தருகிறது. நம் தமிழ் எழுத்துகளின் அட்டவணை வேண்டும் என்றால் யூனிகோடு தளத்திலும் சும்மா கிடைக்கிறது. மற்றவற்றில் உங்கள் நிரல் உண்மையில் தொடுவது எதுவோ அதை மட்டும் யோசியுங்கள்.

ராஃபிள்ஸ் பிளேஸ் வங்கிகளில் மெயின்ஃப்ரேம் பார்க்கும் நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று. கோபால் தரநிலை 1989 என்ற எண்ணில், 2023 பதிப்பாக இருக்கிறது. அதை வாங்கிப் பயனில்லை. உங்கள் நிரல் ஓடுவது ஐபிஎம் கம்பைலரில், அதன் மொழிக் கையேடு இலவசம், வழக்கு வந்தால் செல்லப்போவதும் அதுதான். எஸ்கியூஎல் இன்னும் மோசம்: 9075 என்ற எண்ணின் கீழ் 2023இல் 11 பாகங்கள், பாகத்துக்குப் பாகம் தனி விலை. போஸ்ட்கிரெஸ் கையேட்டின் பின்னிணைப்பில் தரநிலையின் எந்த அம்சம் உண்டு, எது இல்லை என்ற பட்டியல் இருக்கிறது. அதில் தீராத கேள்வி இருந்தால் இரண்டாம் பாகம் ஒன்றை மட்டும் வாங்குங்கள், மொழியின் பெரும்பகுதி அதற்குள்தான்.

இத்தனை விலை எதற்கு என்று எரிச்சல் வருவது நியாயம்தான். எழுதும் குழுவினருக்கு ஐஎஸ்ஓ சம்பளம் தருவதில்லை. அவர்களை அனுப்பும் நிறுவனங்கள் தருகின்றன, அல்லது சொந்தச் செலவில் வருகிறார்கள். விற்பனைப் பணம் அமைப்பை நடத்தச் செலவாகிறது. உலகமே நம்பியிருக்கும் விதிப்புத்தகத்துக்கு நுழைவுக்கட்டணம் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் தணிக்கையாளரிடம் இந்த வாதம் எடுபடாது.

வாங்கியாயிற்று என்றால், ரசீதையும் கோப்பையும் நிறுவனத்தின் ஆவணப் பதிவேட்டில் எண், ஆண்டு, உரிமம் யார் பெயரில் என்ற விவரங்களோடு சேர்த்துவிடுங்கள். குழு வெளியிடும் பிழைப் பட்டியல்கள் இலவசம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். அடுத்த பதிப்பு வந்துவிட்டது என்று விற்பனை மின்னஞ்சல் வந்தால் உடனே வாங்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ஆண்டு மாறாத வரை பழைய கோப்பே போதும்.