அச்சக வேலைக்காகத் தொடர் எழுத்தை நிறுத்திவைத்தல்

சிறுதொழில் நடத்தும் ஒருவர், வாரத்துக்கு ஒன்று என்றோ மாதத்துக்கு இரண்டு என்றோ முறைவைத்துக்கொண்டு எழுதிவருவதை இங்கே தொடர் எழுத்து என்று குறிப்பிடலாம். தொழிலில் வேலை பெருகும்போது அதை நிறுத்திவைப்பதா வேண்டாமா என்ற கேள்வி பெரும்பாலும் நேரக் கணக்காகவே பார்க்கப்படுகிறது; உறக்கத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டால் இரண்டையும் நடத்திவிடலாம் என்ற முடிவுக்கும் பலர் வந்துவிடுகின்றனர். ஆனால், திருமண அழைப்பிதழும் பில் புத்தகமும் நாட்காட்டியும் அச்சிடும் சிற்றூர் ஆப்செட் அச்சகம் ஒன்றின் அன்றாட வேலையை உற்றுநோக்கினால், அங்கே முதலில் தீர்ந்துபோவது நேரமன்று, கூர்ந்து படிக்கும் கண் என்பது விளங்கும். எழுதுவதற்கும் அதே கண்தான் வேண்டியிருக்கிறது.

ஆப்செட் என்பது, அச்சிட வேண்டிய பக்கத்தை அலுமினியத் தகட்டில் பதித்து, தகட்டிலிருந்து ரப்பர் விரிப்புக்கும் விரிப்பிலிருந்து தாளுக்கும் மையை மாற்றும் முறையாகும். பிளேட் எனப்படும் அந்தத் தகடு போட்ட பிறகு ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமானாலும் புதிய பிளேட்தான் போட வேண்டும். அச்சு ஓடி முடிந்திருந்தால் தாளும் மையும் கூலியும் சேர்ந்து போகும். ஆகவே, பிளேட்டுக்கு முன் வரும் ப்ரூஃப், அதாவது பிழை பார்ப்பதற்கான மாதிரிப் படி, அச்சகத்தின் உயிர்நாடி. அழைப்பிதழ் ஒன்றில் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, முகூர்த்த நேரம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தாய்மாமன் பெயருக்கு முன்னுள்ள தலைப்பெழுத்து தவறினாலும், பெரியப்பாவுக்குமுன் சித்தப்பா பெயர் வந்துவிட்டாலும், அந்த வீட்டில் ஏற்படும் மனவருத்தத்துக்கு மறு அச்சு ஈடாகாது. வாட்ஸப்பில் ப்ரூஃபைப் பார்த்துச் சரி என்று பதில் அனுப்பும் வீட்டார், மண்டபத்துக்கும் நகைக்கடைக்கும் இடையில் அலைந்துகொண்டிருப்பதால், இருப்பதைப் பார்ப்பதைவிட இருக்க வேண்டியதையே பார்க்கின்றனர். கடைசிப் பொறுப்பு அச்சகத்தாரிடமே வந்து சேர்கிறது.

எழுதும் பழக்கமுள்ள அச்சகத்தார் பிழை பார்ப்பதிலும் வல்லவராக இருப்பார் என்ற எதிர்பார்ப்பு பாதிதான் உண்மை. எழுத்தாளர் பொருளுக்காகப் படிப்பவர். அவருடைய மனம் விடுபட்ட ஒற்றைத் தானே நிரப்பிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். பிழை பார்ப்பவரோ பொருளை ஒதுக்கி எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டியவர். முன்னிரவில் ஒரு கட்டுரையின் வாக்கிய ஓட்டத்தில் ஊறியிருந்த கண், மறுநாள் காலையில் எழுத்தெழுத்தாகப் படிக்க இறங்குவது கடினம் என்பது இவ்விரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் அனுபவத்தில் அறிவது. பரபரப்பான பருவத்தில் எழுத்தை நிறுத்திவைக்கச் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் வேறில்லை.

பருவம் எது என்பதை நாட்காட்டியின் மேற்பரப்பை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் நடத்தும் வழக்கம் இல்லாததால் அவை அச்சகத்தின் ஓய்வு மாதங்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கக்கூடும். ஆனால், அழைப்பிதழ் திருமணத்துக்கு வாரக்கணக்கில் முன்னதாகக் கைக்கு வர வேண்டியது என்பதால், ஆவணி முகூர்த்தங்களுக்கான வேலை ஆடியின் பிற்பகுதியிலேயே வந்துவிடுகிறது; தை முகூர்த்தங்களுக்கான வேலை மார்கழியில் குவிகிறது. சிவகாசியில் ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியாகும் நாட்காட்டி ஆல்பங்களைக் காட்டி ஆர்டர் பிடித்து, தருவித்த அட்டைகளில் கடைகளின் பெயரை அச்சிட்டுக் கொடுக்கும் அச்சகங்களுக்கு, ஆங்கிலப் புத்தாண்டுக்கு முன் ஒப்படைக்க வேண்டிய நெருக்கடியும் அதே மார்கழியில்தான் வந்து விழுகிறது. கல்யாணமே இல்லாத மார்கழி இவ்வாறு ஆண்டின் மிகக் கடினமான மாதமாகிவிடுகிறது. ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி ஒரு முன்னோடும் மாதம் உண்டு. அதைக் கண்டறிய முந்தைய இரண்டு ஆண்டுகளின் பில் புத்தகங்களை எடுத்து, பணம் வந்த தேதியை விட்டுவிட்டு வேலை வந்த தேதியைக் குறித்துப் பார்த்தாலே போதும்.

நிறுத்திவைக்கும்போது எழுத்தின் எந்தப் பகுதி நிற்க வேண்டும் என்பதைப் பிரித்தறிவதும் அவசியம். ஒரு கட்டுரையை எழுதுவதைவிட, அது வெளியான பின் வரும் மறுமொழிகளுக்கு விடை சொல்வதும், எத்தனை பேர் படித்தார்கள் என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதும், அடுத்த வாரத்துக்கு என்ன என்ற உள்ளரிப்பும்தான் கவனத்தைச் சிதறடிக்கின்றன. எனவே நிற்க வேண்டியது வெளியிடுதல். குறிப்பெடுத்தல் நிற்க வேண்டியதில்லை. வேலைச் சீட்டின் பின்புறத்தில் நான்கு வரி எழுதி ஓர் உறையில் போட்டு வைப்பதற்கு எந்த இயந்திரமும் காத்திருக்க வேண்டியதில்லை. வாசகர்களிடம் 'சிறிது காலம்' என்று சொல்வதைவிட 'மாசி வரை' என்று மாதத்தைச் சொல்லிவிடுவது நல்லது. கெடு தெரியாத இடைவெளி வாசகரைவிட எழுதுபவரையே அதிகமாக வருத்தும்.

தொழிலுக்காக எழுத்திலிருந்து ஒதுங்கியவர்களில் நினைவுகூரத்தக்கவர் திரியெஸ்தே நகரத்து நாவலாசிரியர் இத்தாலோ ஸ்வேவோ. எத்தோரே ஷ்மிட்ஸ் என்ற இயற்பெயருடைய அவர், 1898இல் வெளியான தம் இரண்டாம் நாவல் கவனிப்பாரின்றிப் போனபின், 1899இல் மனைவி வீட்டாரின் கப்பல் அடிப்பகுதிக்கான வண்ணப்பூச்சுத் தொழிலில் சேர்ந்தார். அடுத்த நாவல் 1923இல்தான் வந்தது. அந்த நெடிய இடைவெளியில் அவர் நாடகங்களும் குறிப்புகளும் எழுதாமலில்லை, பெரும்பாலும் வெளியிடாமல் இருந்தார். தொழிலுக்காக இங்கிலாந்து போக நேர்ந்ததால் 1907 முதல் ஆங்கிலம் கற்றுக்கொண்டபோது, ஆசிரியராக வாய்த்தவர் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ். பழைய நாவல்களைப் பாராட்டி ஊக்கம் தந்தவரும், பின்னாளில் புதிய நாவலைப் பிரெஞ்சு விமர்சகர்களிடம் கொண்டுசேர்த்தவரும் அவரே. அந்த நாவலின் நீண்ட அத்தியாயங்களுள் ஒன்று ஒரு வணிகக் கூட்டு நொடித்துப்போவதைப் பற்றியது. கடையையும் கணக்கையும் உள்ளிருந்து அறியாதவரால் அதை எழுதியிருக்க முடியாது. இருபத்தைந்து ஆண்டு மௌனத்தை எவருக்கும் பரிந்துரைக்க முடியாது என்றாலும், வெளியிடாத காலம் வீணான காலம் என்ற அச்சத்துக்கு இந்த வாழ்க்கை ஒரு நல்ல மறுப்பு.

எழுதிப் பழகிய கைக்குத் தொழிலுக்குள்ளேயே வேலை இருக்கிறது என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது. தாளின் வகை, எண்ணிக்கை, முன்பணம், ஒப்படைக்கும் நாள், ப்ரூஃபுக்குப் பின் செய்யும் மாற்றத்துக்கான கூலி ஆகியவற்றை ஐயமின்றிச் சொல்லும் வேலைச் சீட்டு ஒன்றை எழுதுவது எளிதன்று; நன்றாக எழுதப்பட்ட சீட்டு பல வாக்குவாதங்களைத் தொடங்குமுன்பே முடித்துவிடும். நிலுவை கேட்கும் கடிதமும் அப்படியே. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள்தான். இதை மரியாதையாக எடுத்துச்சொல்லும் ஒரு பக்கக் கடிதம், வாரத்துக்கு மூன்று முறை தொலைபேசியில் கெஞ்சுவதைவிடப் பயன் தரும்.

தொடர் எழுத்தே வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறது என்ற நிலையிலிருப்பவருக்கு இந்த ஆலோசனை அப்படியே பொருந்தாது. அவர் ஓய்வான வாரங்களில் சிலவற்றை முன்கூட்டி எழுதிவைத்து, நெருக்கடியில் வெளியிட மட்டும் செய்யலாம். மற்றவர்கள், பருவம் முடிந்ததும் பழைய வேகத்தைப் பிடிக்க முயலாமல், உறையில் சேர்ந்த குறிப்புகளுள் தொழிலைப் பற்றிய ஒன்றை எடுத்து முதலில் எழுதுவது எளிது. அதற்கு வேண்டிய விவரங்கள் இன்னும் மறந்துபோகவில்லை, தேடிப் படிக்க வேண்டியதும் இல்லை. அதற்கு முன், அந்தப் பருவத்தில் ப்ரூஃபில் தப்பிய பிழைகளின் பட்டியலை எழுதி இயந்திரத்தருகே ஒட்டிவிட வேண்டும்.