கொழுப்பு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? நிறுத்துவதற்கு முன் படியுங்கள்

கால் வலிக்குக் கொழுப்பு மாத்திரைதான் காரணம் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் அதை நிறுத்திவிடுபவர்கள் பலர். நிறுத்திய மறுநாள் ஒன்றும் ஆகாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. கொழுப்பு ஏறுவது உடம்புக்குத் தெரியாது. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்குக் கொழுப்பு அதிகம். மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்கள் இந்த மாத்திரையை விடவே கூடாது.

இந்த வகை மாத்திரைகளுக்கு ஸ்டேட்டின் என்று பெயர். இதில் பல மருந்துகள் உண்டு. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

எது எப்படி?

சிம்வாஸ்டேட்டினை இரவில் சாப்பிட வேண்டும். மற்ற மருந்துகளோடு அதிகம் மோதுவது இதுதான். இரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் சாப்பிடுபவர், சிம்வாஸ்டேட்டினை நாளுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிடக்கூடாது. மீறினால் தசை பாதிக்கப்படலாம். உங்கள் மருந்துப் பையில் இரண்டும் இருந்தால், சிம்வாஸ்டேட்டின் அளவை இன்றே பாருங்கள். 40 என்று இருந்தால் நீங்களாகப் பாதியாக உடைக்க வேண்டாம். இரண்டையும் எடுத்துச் சென்று கிளினிக் மருந்தாளரிடம் காட்டுங்கள். கிளரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளைத் தனியார் கிளினிக்கில் கொடுத்தாலும், சிம்வாஸ்டேட்டின் சாப்பிடுவதை அங்கே சொல்லிவிடுங்கள்.

அட்டோர்வாஸ்டேட்டினை எந்த நேரத்திலும் சாப்பிடலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் இதன் அளவைக் குறைக்கத் தேவையில்லை. கிரேப்ஃபுரூட் பழச்சாறு சிம்வாஸ்டேட்டினையும், ஓரளவு இதையும் இரத்தத்தில் கூட்டிவிடும். அதே குடும்பத்துப் பொமெலோவும் அப்படிச் செய்யக்கூடும். சீனப் புத்தாண்டுக்கு அண்டை வீட்டார் கொடுத்தால், நீங்கள் சாப்பிடலாமா என்று மருந்தாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரொசுவாஸ்டேட்டின் சிறிய அளவிலேயே நன்றாக வேலை செய்யும். ஆனால் நம்மைப் போன்ற ஆசியர்களின் இரத்தத்தில் இது கூடுதலாகத் தங்கும். சிங்கப்பூரில் வாழும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், வெள்ளையர் ஆகியோரை ஒப்பிட்டு 2005-இல் வெளிவந்த ஆய்வில், வெள்ளையரைவிட இந்தியருக்கு இது ஒன்றரை மடங்குக்கும் மேல் இருந்தது. அதனால்தான் நமக்கு 5 மில்லிகிராமில் தொடங்குகிறார்கள், 40 தருவதில்லை. வெளிநாட்டு உறவினர் சாப்பிடும் அளவை நீங்கள் பின்பற்ற வேண்டாம்.

பிராவாஸ்டேட்டின் கொழுப்பைக் குறைப்பதில் சற்று மென்மையானது. மற்ற மருந்துகளோடு மோதுவது குறைவு. பல மாத்திரைகள் சாப்பிடும் முதியவருக்கு மருத்துவர் இதைத் தேர்ந்தெடுக்கக்கூடும்.

எந்த ஸ்டேட்டினும் இரத்தச் சர்க்கரையைச் சிறிது ஏற்றலாம். கல்லீரல் பாதிப்பு அரிது.

வலி மாத்திரையாலா, வயதாலா?

ஸ்டேட்டின் தரும் வலி பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி, தொடை, பிட்டம், கெண்டைக்கால், தோள் ஆகிய தசைகளில் வரும். மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் தெரியும். ஒரு முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது வலித்தால், அது மூட்டுத் தேய்மானமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1,20,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2022-இல் வெளியான முடிவு இது: ஸ்டேட்டின் சாப்பிட்டவர்கள் சொன்ன தசை வலிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவை மாத்திரையால் வந்தவை அல்ல. உங்கள் வலி பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. காரணம் வேறாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை உண்டு. மாத்திரைதான் காரணம் என்றால், மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது வேறு ஸ்டேட்டினுக்கு மாற்றுவார்.

இரண்டு முறை சாப்பிடுகிறீர்களா?

ஜொகூரில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. கிளினிக்கில் அட்டோர்வாஸ்டேட்டின் தருவார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளை லிப்பிட்டோர் வாங்கி வருவார். பெயர்தான் வேறு, மருந்து ஒன்றே. கிரெஸ்டோர் என்பது ரொசுவாஸ்டேட்டின்; ஜோக்கோர் என்பது சிம்வாஸ்டேட்டின். சீன மருந்துக் கடையில் விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியிலும் லோவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டினே இருக்கிறது. இயற்கையானது என்று நம்பி அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு கூடிவிடும். அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் கொண்டு வாருங்கள்.

தசை வலியோடு சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில் போனாலோ, நாற்காலியிலிருந்து எழ முடியாத அளவு கால் தளர்ந்தாலோ, கண் மஞ்சளானாலோ, அடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.